பதுளையின் மற்றொரு கச்சேரி

"நாளைக் காலை கச்சேரிக்குப் போகவேண்டும்" என்று பதுளைவாசி ஒருவர் கூறினால், தமிழகத்திலிருந்து வந்த நண்பர் வயலினையும் மிருதங்கத்தையும் எண்ணி மகிழக்கூடும். நம் நாட்டிலோ கச்சேரி என்பது அரசாங்க அலுவலகம். அதற்கு மாவட்டச் செயலகம் எனப் பெயர் சூட்டி ஆண்டுகள் பல சென்ற பின்னரும், ஊவா மக்களின் நாவில் அது கச்சேரியாகவே நிலைத்துவிட்டது. மண் சரிந்து வீடிழந்தவர்கள் பத்திரங்களைக் கையிலேந்திக் காத்துநிற்கும் இடமும் அதுவே.

அவ்வாறு வீடிழந்தோருக்கு உதவும்பொருட்டுக் கிறிஸ்தவ சபையினர் நடத்தக்கூடிய இசைக் கச்சேரியைப் பற்றியே ஈண்டுப் பேச விழைகின்றோம். இதனையும் வெறும் பாட்டு என்று எண்ணிவிடலாகாது. பாட்டுப் பாதி, பத்திரம் பாதி என்பதே அதன் இயல்பு.

லொறிகள் நின்ற பின்னர்

கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில், 2014-ஆம் ஆண்டு ஒக்டோபர் 29-ஆம் நாள் காலையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்த துயரத்தை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். ஆனால் அவர்கள் திரும்பி வந்து பார்க்கையில் வீடு இருந்த இடமே தெரியவில்லை. முதல் வாரத்தில் நாலா திசைகளினின்றும் அரிசியும் ஆடைகளும் லொறிகளில் வந்து குவிந்தன. ஆயினும், அம்மக்களுக்கென அமைக்கப்பட்ட 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016-ஆம் ஆண்டிலேதான். இடைப்பட்ட ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளைப் பல குடும்பங்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலே கழித்தன.

பின்னர் 2025-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் வந்தது. நாடெங்கும் அறுநூறு பேருக்கு மேல் மாண்டனர். பெருந்துயர் கண்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று.

இவ்விரு துயரங்களிலிருந்தும் நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. முதல் வாரத்துப் பசியைத் தீர்ப்பதற்குப் பாடகர் குழு வேண்டியதில்லை, லொறி போதும். பாடகர் குழு ஒழுங்காகப் பயில்வதற்கே இரண்டு மாதங்கள் செல்லும். அதற்குள் லொறிகள் நின்றுவிடும். பத்திரிகைகளும் வேறு செய்தியைத் தேடிச் சென்றுவிடும். பிள்ளையின் பாடசாலைச் சப்பாத்து, பஸ் கட்டணம், பரீட்சைக்கான மாலை வகுப்பு முதலியன அதன் பின்னரே ஒவ்வொன்றாகத் தலைதூக்கும். அந்த இரண்டாம் ஆண்டுக்கு உதவுவதே கச்சேரிப் பணத்துக்குரிய கடமை என்பது எமது துணிபு.

முன்னோர் காட்டிய வழி

ஊர் கூடிப் பொருள் சேர்ப்பது பதுளைக்குப் புதிதன்று. நகரில் நிற்கும் பரிசுத்த மாற்கு ஆலயமே அதற்குச் சான்று. பதுளையில் அரசாங்க அதிகாரியாக இருந்தவரும் யானை வேட்டையில் பெயர்பெற்றவருமான மேஜர் ரோஜர்ஸ், 1845-ஆம் ஆண்டு அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். அவர் நினைவாகப் பல வகுப்பாரும் பணம் சேர்த்து எழுப்பிய அவ்வாலயம் 1857-இல் அர்ப்பணிக்கப்பட்டது. இயற்கையின் சீற்றத்துக்கு இரையான ஒருவருக்கு ஆலயமே எழுந்த ஊரில், மலைச்சரிவில் மறைந்த தொழிலாளரின் பிள்ளைகளுக்கு ஒரு கல்வி நிதி எழக்கூடாதா?

இசையினால் பொருள் சேர்த்த வரலாற்றைத் தேடின், அயர்லாந்தின் டப்ளின் நகருக்குச் செல்லவேண்டும். ஹேண்டல் என்னும் இசை மேதை இயற்றிய 'மெசியா' முதன்முதலாக 1742-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் அங்கே அரங்கேறியது. சேர்ந்த தொகை ஏறத்தாழ 400 பவுண். இரண்டு மருத்துவ நிலையங்களுக்கும், கடன் தீர்க்க இயலாமற் சிறையில் வாடியவர்களின் விடுதலைக்கும் அது பகிர்ந்தளிக்கப்பட்டது. 142 பேர் சிறை மீண்டனர். மண்டபத்தில் மேலும் நூறு பேருக்கு இடம் கிடைக்கவேண்டுமென, சீமாட்டிகள் அகன்ற வளையப் பாவாடையின்றியும், கனவான்கள் வாளின்றியும் வருமாறு வேண்டப்பட்டனர்.

கடன்பட்டாரை மீட்ட அந்த இசையின் பொருள், தோட்டத்து மக்களுக்கு நன்கு விளங்கும். நம் பாட்டனார் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல வேண்டின், அவர்பட்ட கடனைக் குறித்த 'துண்டு' என்னும் காகிதமும் கூடவே சென்றது. அம்முறை 1921-ஆம் ஆண்டிலேதான் ஒழிக்கப்பட்டது.

ஹேண்டல் ஒரு நாளோடு நின்றுவிடவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. லண்டனில் கைவிடப்பட்ட குழந்தைகளின் காப்பகத்துக்காக 1750-ஆம் ஆண்டு தொடங்கி ஆண்டுதோறும் அதே இசை ஒலித்தது. 1759-இல் அவர் மறைந்த பின்னரும் அது தொடர்ந்தது.

நல்லெண்ணம் இருந்தும் பத்திரம் பிசகினால் நேர்வது யாது? நியூயோர்க் நகரில் 1971-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதலாம் நாள், பண்டிதர் ரவிசங்கரின் வேண்டுகோளுக்கிணங்க ஜோர்ஜ் ஹரிசன் நடத்திய வங்காள தேச அகதிகள் நிதிக் கச்சேரி இதற்கு விடை கூறும். நுழைவுச் சீட்டுப் பணமான 243,000 டொலருக்கு மேற்பட்ட தொகை ஐக்கிய நாடுகளின் சிறுவர் நிதியத்தை அடைந்தது. ஆனால் நிகழ்ச்சிக்கு முன்னரே நிதியத்தின் பெயரை முறைப்படி பதிவுசெய்யாமையால், இசைத்தட்டினாலும் திரைப்படத்தினாலும் வந்த பெருந்தொகை வரிச் சிக்கலில் அகப்பட்டு ஆண்டுக்கணக்கில் முடங்கிற்று. பசித்தவர்கள் அதுவரை காத்திருக்க முடியுமா?

ஊவாவில் நடத்துவதாயின்

ஆகவே, முதற் பாட்டைத் தெரிவுசெய்யுமுன் மூன்று காரியங்களை முடித்துவிட வேண்டும். உதவி யாருக்கு, எதற்கு என்பதை எழுத்தில் வரையவேண்டும். இருவர் கையொப்பமிட்டாலன்றிப் பணம் எடுக்கவியலாத தனி வங்கிக் கணக்கு ஒன்றைத் திறக்கவேண்டும். ஒலிபெருக்கிக்குப் பொலிசாரிடம் அனுமதி பெற்று, சீட்டு விற்பனைக்குக் களியாட்ட வரி உண்டா, விலக்கு உண்டா என்பதை மாநகர சபையில் கேட்டறியவேண்டும்.

அடுத்தது, நாள். தோட்டங்களில் பத்தாந் திகதியை ஒட்டிச் சம்பளம் வரும். அதனை அடுத்த ஞாயிற்றுக்கிழமையே உகந்தது. மாலை மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடிக்கவேண்டும். லுணுகலைக்கும் மடுல்சீமைக்கும் செல்லவேண்டியவர் பஸ்ஸைத் தவறவிட்டால், மறுநாட் பிரட்டுக்கு எப்படிப் போவார்? ஒரு நாட் பேர் இழந்து கேட்கும் பாட்டு இனிக்காது.

மண்டபக் கூலி, ஒலிபெருக்கி, தேநீர் ஆகியவற்றின் செலவை வசதியுள்ள அன்பர்கள் முன்னதாகவே ஏற்றுக்கொண்டால், சீட்டுப் பணம் முழுவதும் நிதிக்குச் சேரும். சீட்டுகளுக்கு இலக்கமிட்டு அடிக்கட்டைகளைப் பேணவேண்டும். முன்வரிசை நாற்காலிகளைப் பிரமுகர்களுக்கென்று துணி போர்த்தி ஒதுக்குவதைத் தவிர்த்தல் நன்று. டப்ளின் கனவான்கள் வாளைக் களைந்ததுபோல, நாமும் இந்த வழக்கத்தைக் களையலாம்.

நிகழ்ச்சி நிரலில் நான்கு குரலில் இசைக்கும் ஆங்கில நத்தார் கீதங்கள் இரண்டொன்று இருக்கட்டும். சிங்கள கீதமும் ஒலிக்கட்டும். ஆனால் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வழியில் வந்த தமிழ்க் கீர்த்தனைகளே நடுநாயகமாக விளங்கவேண்டும். ஆர்மோனியத்தில் முதலடி எழுந்தவுடன் லயத்து மூதாட்டியும் உடன் பாடக்கூடியவை அவையேயன்றோ!

ஒரு தாயின் சொல்

இத்தனையும் அறிந்திருந்தும் நாம் ஒருமுறை தவறினோம். சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஓர் உதவிக் கச்சேரியில் அறிவிப்பாளர் பணி எமக்கு வாய்த்தது. இடைவேளைக்கு முன், தந்தையை இழந்த பிள்ளைகளை மேடைக்கு அழைத்து, ஒவ்வொருவர் கதையையும் உருக்கமாக எடுத்துரைத்துக் கொப்பிகளை வழங்கினோம். அவையோர் கண் கலங்கினர், உண்டியலும் நிறைந்தது. பெரிய வெற்றி என்றே எண்ணியிருந்தோம்.

வாசலில் ஒரு தாய் எம்மை நிறுத்தினார். "ஐயா, கொப்பி குடுத்தது புண்ணியம். ஆனா எம்புள்ளைய அத்தனை பேருக்கு முன்னுக்கு நிக்க வச்சு, அப்பன் இல்லாத புள்ளைன்னு சொல்லாம இருந்திருக்கலாம். அவன் நல்லாப் பாடுவான், ஐயா. ஒரு பாட்டுப் படிக்கச் சொல்லியிருந்தா சந்தோசமாப் படிச்சிருப்பான்."

அச்சொற்களுக்கு எம்மிடம் மறுமொழி இல்லை. மன்னிப்புக் கேட்டோம். அவர் கோபிக்கவில்லை, மகனின் கையைப் பற்றிக்கொண்டு பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தார். நிறைந்த உண்டியலைச் சுமந்து திரும்பிய எமக்கு, அன்றிரவு அதன் கனம் வேறுவிதமாகத் தோன்றிற்று.

அன்றுமுதல் எமது கொள்கை ஒன்றே. துயருற்றவர்கள் மேடையேறுவதாயின், பாடகர்களாகவே ஏறவேண்டும். உதவி அவர்களுடைய வீட்டுக்கோ வங்கிக் கணக்குக்கோ ஓசையின்றிச் செல்லட்டும். மேடையில் உரத்து வாசிக்கவேண்டிய பத்திரம் ஒன்றுதான்: வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, மீதி இவ்வளவு என்னும் கணக்கு. அதனை ஒரு மாதத்துக்குள் அதே மண்டபத்தில் வாசித்து, தோட்டத்துக் கோயில் வாசலிலும் ஒட்டிவிட வேண்டும். அடுத்த ஆண்டும் அவ்வாறே செய்யவேண்டும்.

அரசாங்கக் கச்சேரியில் தம் துயரைச் சொல்லிச் சொல்லி அலுத்தவர்கள் நம் மக்கள். இந்தக் கச்சேரியிலேனும் அவர்கள் துயரைச் சொல்லாது பாடிவிட்டுச் செல்லட்டும்.