பெரியம்மா கேட்ட எல்ஸ்மியர் படம்

இந்தக் கிழமை எபிசோட்டில் சொந்தமாகப் புகைப்படத் தளம் வைத்திருப்பது பற்றிக் கதைத்தோம். கேட்டவர்களுக்குத் தெரியும், பாதி நேரம் எந்தத் தீம் வடிவு என்பதிலேயே போய்விட்டது. வழமைபோல அதற்கு நான்தான் காரணம். சொல்ல நினைத்த கதை ஒன்று அப்படியே மிச்சமாய் நிற்குது, அதை இந்த மடலில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். தேத்தண்ணியோட இருங்கோ.

ரொறன்ரோவுக்கு வெளியில் இருப்பவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். ஸ்காபரோவில் ஆர்.ரி. என்று ஒரு குட்டி ரயில் ஓடினது. 1985இல் தொடங்கினது, ஆறே ஆறு நிலையம், கெனடியில் ஏறினால் மக்கோவன் வரைக்கும் ஆறு கிலோமீற்றர் சொச்சம். பனி கொட்டினால் நின்றுவிடும். ஆனாலும் வந்திறங்கின புதிதில் முதல் வேலைக்கு அதில் போன ஆக்கள் எங்கட குடும்பத்திலேயே ஐந்தாறு பேர். 2023 யூலை 24 பின்னேரம் எல்ஸ்மியர் நிலையத்துக்குத் தெற்கே அதன் கடைசிப் பெட்டி கழன்று தடம் புரண்டது. ஐந்து பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். எப்படியும் அந்த நவம்பரில் மூடப்போகிற ரயில்தான். அடுத்த மாதமே, இனி ஓடாது என்று அறிவித்துவிட்டார்கள்.

2004இல் இருந்து ஏழெட்டு வருசம் நான் அதில் போய்வந்தேன், தோளில் கமராவோடு. அந்தப் படங்கள் என் தளத்தில் கிடந்தன. தடம் புரண்ட அன்றிரவு, "பழைய ஆர்.ரி. படம் பாக்க விருப்பம் எண்டால் இங்க வாங்கோ" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தளத்தின் முகவரியைப் போட்டேன். கொஞ்சம் பெருமையோடுதான். பத்து நிமிசத்தில் மச்சான் எழுதினான்: "சுத்திக்கொண்டே நிக்குது." பிறகு சித்தப்பா: "தம்பி, எனக்கு வெள்ளையாய்த்தான் தெரியுது." அதுக்குப் பிறகு ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை.

பெரியம்மா மட்டும் போன் எடுத்தா. "தம்பி, எல்ஸ்மியர் ஸ்ரேசன் படம் வச்சிருக்கிறியோ? பதினொரு வருசம் அங்க இறங்கித்தானே நான் பக்ரறிக்குப் போனனான். ஒரு படம்கூட என்னட்ட இல்லை."

"இருக்கு பெரியம்மா, இண்டைக்கே அனுப்புறன்."

அனுப்ப மூன்று கிழமை எடுத்தது. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தச் சுற்றுகிற பிரச்சினை. உங்கட தளம் எவ்வளவு பாரம் என்று பார்க்கக் காசு கொடுத்து ஒன்றும் வாங்கத் தேவையில்லை. கணினியில் பிரவுசரைத் திறந்து, எஃப்12 அமத்தி, நெட்வேர்க் என்ற பகுதிக்குப் போய், பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள். கீழே மொத்தக் கணக்கு வரும். என் முகப்புப் பக்கம் 61 மெகாபைற். பதினெட்டுப் படம், எல்லாம் கமராவிலிருந்து வந்தபடியே, 6000 பிக்சல் அகலம், 4000 பிக்சல் உயரம்.

கணக்கைப் பாருங்கள். அது ஒரு படத்துக்கு 2 கோடியே 40 லட்சம் பிக்சல். போன் திரைக்கு 1200 பிக்சல் அகலம் தாராளம். 1200க்கு 800 என்றால் 9 லட்சத்து 60 ஆயிரம்தான். அதாவது சித்தப்பாவின் போன் தேவைக்கு 25 மடங்கு இறக்கி, அதில் 24 பங்கை எறிந்துவிட்டு மிச்சத்தைக் காட்ட வேண்டும். என் வீட்டில் இது தெரியவே இல்லை. வீட்டில் வேகமான இணைப்பு, பெரிய திரை, படங்கள் ஏற்கெனவே பிரவுசருக்குள் சேமித்தபடி. தன் தளத்தைத் தன் மேசையில் மட்டும் பார்க்கிறவனுக்கு அது எப்பவும் பறக்கும்.

என்னுடையது வேர்ட்பிரஸ். அது ஒன்றும் மொக்கு இல்லை. 2015 கடைசியில் வந்த 4.4 பதிப்பிலிருந்து ஒரே படத்தைப் பல அளவில் வைத்து, திரைக்கு ஏற்றதை பிரவுசரே தெரிந்தெடுக்க விடுகிறது. 2019இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து, புதிதாக ஏற்றும் பெரிய படங்களை 2560 பிக்சலுக்குக் குறைத்துத்தான் பக்கத்தில் காட்டும். ஆனால் நான் வடிவுக்காகப் போட்ட ஸ்லைடர் பிளக்கின் இதையெல்லாம் தாண்டி நேரே மூலப் படத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதை அகற்றினேன். அதோடு சேர்த்து, எதற்குப் போட்டேன் என்றே ஞாபகமில்லாத 20 பிளக்கினையும்.

பிறகு எல்லாப் படங்களுக்கும் 800, 1600, 2400 என்று மூன்று அகலம் வைத்தேன். வெப்பி வடிவத்துக்கு மாற்றினேன். சஃபாரி 2020இல் அதை ஏற்றுக்கொண்ட பிறகு பயப்பிட ஒன்றுமில்லை. தரம் 80. அதற்கு மேலே போனால் உங்கள் கண்ணுக்கும் என் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது, கோப்பு மட்டும் வீங்கும். ஒவ்வொரு படத்துக்கும் அகலம் உயரம் இரண்டையும் பக்கத்தின் குறியீட்டில் எழுதிவிட்டால், படம் வந்து விழும்போது எழுத்துகள் கீழே குதிக்காது.

ஒரு இடத்தில் நான் பிழை விட்டேன், நீங்கள் விடாதீர்கள். திரைக்குக் கிட்ட வரும்போது மட்டும் படத்தை இறக்குகிற லேசி லோடிங் வசதி நல்லதுதான், ஆனால் அதைப் பக்கத்தின் முதல் படத்துக்கும் போட்டுவிட்டேன். ஆள் வந்த உடனே பார்க்க வேண்டிய படம் அதுதானே, அதையே "கொஞ்சம் பொறு" என்று பிடித்து வைத்த மாதிரிப் போச்சு. பக்கத்தில் உள்ள மிகப் பெரிய பொருள் 2.5 செக்கனுக்குள் தெரிய வேண்டும் என்பது கூகிளின் அளவுகோல். முதல் படத்தை அந்த வசதியிலிருந்து விலக்கின பிறகுதான் அதற்குள் வந்தேன். 61 மெகாபைற் முகப்பு இப்போது திறக்கும்போது ஒன்றரை மெகாபைற்றுக்கும் குறைவு. இதற்கு இரண்டு சனி ஞாயிறு போனது.

நிறம் வெளிறித் தெரிகிறது என்று போன மாதம் ஒரு நேயர் கேட்டிருந்தார். படத்தை ஏற்றுமதி செய்யும்போது அடோபி ஆர்.ஜி.பி. என்று இருந்தால் எஸ்.ஆர்.ஜி.பி. என்று மாற்றுங்கள். பெரும்பாலும் அதுதான்.

இனி எனக்கு வெட்கமான பகுதி. தளம் வேகமாய்த் திறந்தது, எல்ஸ்மியர் படம் மட்டும் அகப்படவில்லை. இருக்கிறது என்று தெரியும். எடுத்த நாளின் குளிர்கூட ஞாபகம். தேடல் பெட்டியில் எல்ஸ்மியர் என்று அடித்தால் ஒன்றுமில்லை. ஆர்.ரி. என்று அடித்தால் மூன்று படம், மூன்றும் கெனடி. 1,900 படத்தை ஒவ்வொன்றாய்ப் புரட்டினேன். அரைவாசிக்கு கமரா வைத்த பெயரும் இலக்கமும்தான் தலைப்பு. மிச்சம் அரைவாசிக்கு நான் வைத்த தலைப்புகள்: "காத்திருப்பு", "ஈரம்", "தனிமை 3". அந்த வயதில் எல்லாருக்கும் வாறதுதான், விடுங்கோ. ஆனால் பதினாறு வருசம் கழித்து ஒரு ரயில் நிலையத்தைத் தேடுகிறவனுக்கு "தனிமை 3" எந்த மூலைக்கும் வழி காட்டாது.

மூன்றாம் நாள் இரவு கண்டுபிடித்தேன். தலைப்பு "மௌனம் 2". பனி மூடின மேடை, தூரத்தில் ரயிலின் விளக்கு. எழுத்து ஒரு வரியும் இல்லை.

அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன், படங்களை அடுக்குகிற முறையையே மாற்றுவதென்று. அதுவரை புதிது மேலே, பழசு கீழே என்று திகதி வரிசையில் கிடந்தது. இப்போது இடம் வாரியாக. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு படத்துக்கும் கீழே வெறும் தகவல்: "எல்ஸ்மியர் ஆர்.ரி. நிலையம், கெனடி பக்கம் போகும் மேடை, 2007 சனவரி, காலை 7 மணி." கண் பார்வை இல்லாதவர்களுக்குக் கருவி வாசித்துக் காட்டுகிற மாற்று உரையையும் தமிழிலேயே எழுதுகிறேன். கவித்துவம் கொஞ்சமும் இல்லை. ஆள் தேடினால் அகப்படும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் வாற இரண்டு சிக்கல் இருக்கு. ஒன்று முகவரி. பக்கத்தின் தலைப்பைத் தமிழில் போட்டால் வேர்ட்பிரஸ் அதையே முகவரியாக்கும். பார்க்க வடிவு. ஆனால் உள்ளே ஒவ்வொரு குறியும், அது எழுத்தோ புள்ளியோ விசிறியோ, விழுக்காட்டுக் குறியோடு ஒன்பது எழுத்தாய் விரியும். எல்ஸ்மியர் என்ற ஒற்றைச் சொல் பத்துக் குறி, விரித்தால் 90. வேர்ட்பிரஸ் மொத்தமாக 200தான் ஏற்கும், அதாவது 22 குறியோடு உங்கள் தலைப்பு அரைவாசியில் துண்டாகும். துண்டாகாவிட்டாலும், அந்த இணைப்பைப் பிரதி எடுத்து வாட்ஸ்அப்பில் போடும்போது பாம்பு மாதிரி நீண்டு வரும், "இதென்ன வைரஸோ" என்று சித்தப்பா கேட்பார். தலைப்பு தமிழில் இருக்கட்டும், முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் கட்டையாய் வையுங்கள்.

மற்றது எங்கட பழைய பாமினி. நான் தொடங்கின காலத்தில் எழுதினதெல்லாம் பாமினி எழுத்துருவில். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கிலக் குப்பை, கூகிளுக்கும் குப்பை. மாற்றிகள் இணையத்தில் சும்மாவே கிடைக்கின்றன. ஆனால் நடுவில் ஆங்கிலச் சொல் கலந்து எழுதியிருந்தால் அதையும் சேர்த்துத் தமிழாக்கி வைக்கும். ஒவ்வொரு வரியையும் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். கமராவின் பெயர்கள் எல்லாம் ஏதோ மந்திரம் மாதிரி வந்து நின்றன.

இடம் எழுதுவது பற்றிச் சொல்லும்போது எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். போனில் எடுத்த படத்துக்குள் நீங்கள் நின்ற இடம் ஒளிந்திருக்கும். மகளின் பிறந்தநாள் படம் ஒன்றைத் தளத்திலிருந்து இறக்கி, உள்ளே இருந்த எண்களை வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கூரை. அன்றிரவே எல்லா மூலப் படங்களிலிருந்தும் ஜி.பி.எஸ். தகவலை அழித்தேன். ஏற்றுமதி செய்யும்போது இடத் தகவலை நீக்கு என்று ஒரு தெரிவு பெரும்பாலான மென்பொருள்களில் இருக்கு, அதை நிரந்தரமாய்ப் போட்டுவிடுங்கள்.

"இவ்வளவு பாடு ஏன் அண்ணை, இன்ஸ்ரகிராமில போட்டால் முடிஞ்சுதே" என்று எபிசோட்டில் தம்பி கேட்டான், நானும் சிரித்துச் சமாளித்தேன். இங்கே பதில். பிக்காசா ஆல்பங்களில் கலியாணப் படங்களுக்கு ஆட்களின் பெயர் எழுதி வைத்திருந்தேன். 2016இல் கூகிள் பிக்காசாவை மூடியது. பிளிக்கர் 2019இல் இலவசக் கணக்குக்கு 1,000 படம் என்று எல்லை போட்டது. படத்தைத் திருப்பி எடுக்கலாம். எந்தப் படத்துக்குக் கீழே என்ன எழுதினோம், யாரை யார் என்று சொன்னோம் என்பதை ஒழுங்காய்த் திருப்பி எடுப்பதுதான் பாடு. சொந்த டொமெயின் வருசத்துக்கு ஒரு இருபது டொலர் சொச்சம். ஹோஸ்ரிங்கை வேறு இடத்தில் வாங்குங்கள், ஒன்றோடு பிரச்சினை வந்தால் மற்றது கையில் இருக்கும். புதுப்பிக்கிற கடனட்டை காலாவதியாகும் மாதத்தைக் கலண்டரில் குறியுங்கள். எனக்கு ஒருக்கா முகவரியே பறிபோகப் பார்த்தது, எச்சரிக்கை மின்னஞ்சல் எல்லாம் நான் பார்க்காத பழைய பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது.

பெரியம்மாவுக்கு வருவோம். படத்தை அனுப்பினேன். உடனே போன். "அந்தப் படியடியிலதான் ஒரு பிலிப்பைன்ஸ்காரி எனக்காக நிப்பாள். எனக்கு அவளின்ர பாசை தெரியாது, அவளுக்கு என்ர பாசை தெரியாது. ரண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கொண்டுதான் ஐஸில நடப்பம்." கேட்டுக் கேட்டு எழுதி, அவ சம்மதித்த பிறகு, பெயர் போடாமல் படத்துக்குக் கீழே சேர்த்தேன். என் தகவல் வரி ஒன்று, அவவின் வரி ஒன்பது.

"இதைப் பெரிசாய் அடிச்சுத் தா தம்பி, சுவரில கொழுவ" என்றா.

அங்கேதான் இடித்தது. 2009இல் இதை ஏற்றும்போது, அப்போதைய இணைப்பு வேகத்துக்குப் பயந்து 640 பிக்சலுக்குக் குறைத்திருந்தேன். மூலப் படம் இருந்த ஹார்ட் டிஸ்க் 2013இல் செத்தது. ஒன்றே ஒன்றில்தான் வைத்திருந்தேன். புகைப்படத் தாளில் கூராக வர அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 640ஐப் பிரித்தால் இரண்டு அங்குலம் சொச்சம். முத்திரை அளவு. பின்னாளில் குறைக்காமலே ஏற்றி 61 மெகாபைற் ஆக்கினவனும் நான்தான், முன்னாளில் அளவுக்கு மிஞ்சிக் குறைத்தவனும் நான்தான். இப்போது ஒவ்வொரு மூலமும் மூன்று பிரதி: வீட்டில் இரண்டு வேறு டிஸ்க்கில், ஒன்று வீட்டுக்கு வெளியே.

செயற்கை நுண்ணறிவால் பெருப்பித்துப் பார்த்தேன். கூராய்த்தான் வந்தது, ஆனால் தூரத்தில் நிற்கிற ஆட்களுக்கு முகம் கீறி வைத்திருந்தது. யாருடைய முகம்? அழித்துவிட்டேன்.

கடைசியில் ஆறுக்கு நாலு அங்குலத்தில், மங்கலாய் இருந்தாலும் பரவாயில்லை என்று, உள்ளதை உள்ளபடி அடித்துச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். மூலம் தொலைந்ததையும் ஒளிக்காமல் சொன்னேன். பெரியம்மா கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தா, போட்டுப் பார்த்தா.

"எனக்கு ரண்டும் ஒண்டுதான்," என்றா. "விடியக்காலமை நான் பாத்ததும் உப்பிடித்தான் இருந்தது."