உங்களுக்குத் தெரியுமா? பாறையைக் கவ்வும் இச்சி வேர்
பத்துமலையின் 272 படிகளில் மூச்சு வாங்க நிற்கும்போது சுண்ணாம்புப் பாறையைப் பாருங்கள். பிடிமண்கூட இல்லாத வெடிப்புகளில் அத்தி இனச் செடிகள் வேர்விட்டிருக்கும். பழம் தின்ற பறவைகளும் வௌவால்களும் எச்சத்தோடு போட்ட விதையில் முளைப்பவை. தயவுசெய்து போன்சாய் வளர்க்க அவற்றைப் பிடுங்கி வராதீர்கள். நர்சரிகளில் நல்ல கன்றுகள் கிடைக்கின்றன.

அந்த இயல்பைத் தொட்டிக்குள் கொண்டுவருவதுதான் கல்மேல் வேர் படரும் போன்சாய். ஜப்பானியர் இதைச் செகிஜோஜு என்கிறார்கள். மலாய்க்காரர்கள் ஜெஜாவி என்றழைக்கும் இச்சியும் அத்தி இனம்தான்; மலேசிய மண்ணின் சொந்த மரம். இந்தப் பாணிக்கு இதைவிடப் பொருத்தமான மரம் அரிது.

இளஞ்செடியின் வேர்களைக் கழுவி, சொரசொரப்பான கல்லின்மேல் பரப்பி, பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றி, ஆழமான தொட்டியில் புதைக்க வேண்டும். ஓராண்டு போனபின் மேலிருந்து சிறிது சிறிதாக மண்ணை விலக்கலாம். ஒரேயடியாகத் திறந்தால் மெல்லிய வேர்கள் காய்ந்துவிடும்.

குளிர்நாட்டினர் வீட்டுக்குள் வைத்துக் காக்கும் இம்மரம், பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வெட்டவெளியில் ஆண்டு முழுவதும் வளரும். ஈரக்காற்றில் விழுதுகூட இறங்கும். அந்த வேகத்தால் வடிவமைக்கச் சுற்றிய கம்பி விரைவில் பட்டைக்குள் பதிந்துவிடும். வாரந்தோறும் கவனித்து, பதியுமுன் வெட்டி எடுங்கள்.