ஜிம்மி ஏன் இருமியது?

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் ஒரு நாள் இரவு மணி பதினொன்று இருக்கும். பக்கத்து வீட்டு மாணவன், ஒன்பதாம் வகுப்பு படிப்பவன், எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"சார், ஜிம்மிக்குத் தொண்டையில எலும்பு சிக்கிக்கிச்சு. கொஞ்சம் வந்து பிடிச்சுக்கிறீங்களா? நான் விரலை விட்டு எடுத்துடறேன்" என்றான்.

ஜிம்மி நான்கு கிலோ எடையுள்ள வெள்ளைப் பொமரேனியன். நான் போய்ப் பார்த்தபோது அது கழுத்தை நீட்டி, முன்கால்களை அகட்டி நின்றுகொண்டு, வாத்து கத்துவதுபோல் "கஹ்... கஹ்" என்று இருமியது. இருமி முடித்ததும் குமட்டி, கொஞ்சம் வெள்ளை நுரையைக் கக்கியது. பார்ப்பவர் எவருக்கும் எலும்பு சிக்கியதாகவே தோன்றும். ஆனால் வீட்டில் ஒரு வாரமாக அசைவமே சமைக்கவில்லை என்று அவனுடைய தாயார் சொன்னார். சென்ற வாரம் வெளியூர்த் திருமணத்துக்குப் போனபோது, கட்டணம் வாங்கிக்கொண்டு நாய்களைப் பார்த்துக்கொள்ளும் ஓரிடத்தில் ஜிம்மியை மூன்று நாள் விட்டிருந்தார்களாம். எனக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

கையை எடு, தம்பி!

நான் முதலில் செய்த காரியம், அவன் கையைப் பிடித்து நிறுத்தியதுதான். ஏன் தெரியுமா? வெறிநோய் கண்ட நாயின் தொண்டைத் தசைகளும் தாடைத் தசைகளும் செயலிழந்துபோவது உண்டு. அப்போது அது விழுங்க முடியாமல், வாய் தொங்கி, எச்சில் ஒழுக நிற்கும். அதைப் பார்த்து, "பாவம், எலும்பு சிக்கிவிட்டது" என்று வாயில் கையை விட்டவர்கள் உண்டு. வெறிநோய் வைரஸ் இருப்பதோ அந்த எச்சிலில். கையில் ஒரு சிறு கீறல் இருந்தாலே போதும். நோய்க்குறிகள் தோன்றிய பின் அந்நோயிலிருந்து மனிதரைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம்.

ஜிம்மிக்கு வெறிநோய்த் தடுப்பூசி தவறாமல் போடப்பட்டிருந்தது. இருந்தாலும் பழக்கம் பழக்கம்தான். இருமும் நாயின் வாயில் கையை விடாதீர்கள். எச்சில் காயத்தில் பட்டுவிட்டால், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இருமுவதற்குக் காற்று வேண்டும். உரத்து இருமும் நாயின் மூச்சுக்குழல் முழுவதும் அடைபடவில்லை என்று அதிலிருந்தே தெரிகிறது. மூச்சே இழுக்க முடியாமல், ஈறும் நாக்கும் நீலம் பாய்ந்து தவித்தால்தான் அடைப்பு என்று ஐயுற்று அந்த நொடியே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

ஒரு பெயர், பல கிருமிகள்

மறுநாள் காலை கால்நடை மருந்தகத்துக்குப் போனோம். மருத்துவர் ஜிம்மியின் தொண்டைப் பகுதியை இலேசாகத் தொட்டார். உடனே இருமல் வந்துவிட்டது. மார்பில் குழாய் வைத்துக் கேட்டார். நுரையீரல் சுத்தமாக இருந்தது. "கென்னல் இருமல்" என்றார்.

'கென்னல்' என்றால் நாய்களை அடைத்து வைக்கும் கூடம். பல நாய்கள் நெருங்கியிருக்கும் இடத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதால் இந்தப் பெயர் வந்தது. இது ஒரே ஒரு கிருமியால் வருவதன்று. பாராஇன்ஃபுளுயென்சா வைரஸ், அடினோவைரஸ், போர்டெடெல்லா என்னும் பாக்டீரியா முதலிய பல கிருமிகள் தனியாகவோ கூட்டாகவோ இதை உண்டாக்கும்.

போர்டெடெல்லாவின் கதை சுவையானது. 1910-ஐ ஒட்டி, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஃபெர்ரி என்பவர் நோயுற்ற நாய்களின் மூச்சுப்பாதையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். நாய்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற டிஸ்டெம்பர் நோய்க்கு இதுவே காரணம் என்று அவர் கருதினார். ஆனால் டிஸ்டெம்பரை உண்டாக்குவது, பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் கடந்து செல்லும் ஒரு கிருமி என்று பிரான்சு நாட்டின் காரே 1905-லேயே சொல்லியிருந்தார். 1920-களில் இங்கிலாந்தில் லெய்ட்லா, டங்கின் ஆகிய இருவரும் அது வைரஸ்தான் என்று உறுதி செய்தனர். ஃபெர்ரி பிடித்தது இன்னொரு குற்றவாளியை!

இந்தப் பாக்டீரியாவின் உறவினர் ஒருவரை உங்கள் பாட்டிக்கு நன்றாகத் தெரியும். குழந்தைகளுக்கு வரும் கக்குவான் இருமலை உண்டாக்கும் பாக்டீரியாதான் அது. பெல்ஜியம் நாட்டு விஞ்ஞானி போர்டே 1906-ல் ழாங்கூ என்பவருடன் சேர்ந்து அதைக் கண்டறிந்தார். அவர் பெயராலேயே இந்தக் குடும்பம் போர்டெடெல்லா எனப்படுகிறது.

நம் மூச்சுக்குழலைப் போலவே நாயின் மூச்சுக்குழலின் உட்சுவரிலும் கண்ணுக்குத் தெரியாத குறு இழைகள் உள்ளன. அவை நொடிக்குப் பத்துத் தடவை அளவில் துடித்து, தூசும் கிருமியும் ஒட்டிய சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். போர்டெடெல்லா இந்த இழைகளில் ஒட்டிக்கொண்டு அவற்றை அசையவிடாமல் செய்துவிடுகிறது. குப்பை அள்ளும் வண்டி நின்றுபோனால் தெரு என்னாகும்? குப்பையை வெளியேற்ற உடலுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வழி இருமல்.

மெதுவாக விழும் துளிகள்

நோய் எப்படித் தாவுகிறது? இருமும்போது பெரிதும் சிறிதுமாக நீர்த்துளிகள் சிதறுகின்றன. காற்றில் விழும் சிறு துளியின் முற்றுத் திசைவேகம் அதன் ஆரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது ஸ்டோக்ஸ் விதி. பத்து மைக்ரான் விட்டமுள்ள துளி ஒரு நொடியில் 3 மில்லிமீட்டர் தூரமே இறங்கும். (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) ஜிம்மியின் மூக்கு தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து அந்தத் துளி தரை சேர 100 நொடியாகும். ஐந்து மைக்ரான் துளிக்கு அதைப்போல் நான்கு மடங்கு, அதாவது ஏறத்தாழ ஏழு நிமிடம். காற்றோட்டமற்ற அறையில் அதற்குள் எத்தனை நாய்கள் மூச்சிழுத்திருக்கும்! பொதுவான தண்ணீர்க் கிண்ணமும் விளையாட்டுப் பந்தும் நோயைப் பரப்பத் துணை செய்யும்.

கிருமி நுழைந்த 2 முதல் 14 நாட்களுக்குள் இருமல் தொடங்குவது வழக்கம். ஜிம்மியின் கணக்கு சரியாகப் பொருந்திவிட்டது அல்லவா?

சிறிய நாய்க்கு ஏன் பெரிய தொல்லை?

பெரிய நாய்க்கு வந்தாலும் அதே கிருமிதான். ஆனால் சிறிய நாயின் இருமலை நாம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். காரணம் இயற்பியலில் இருக்கிறது.

பாய்சொய் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1840-களில் நுண்ணிய கண்ணாடிக் குழாய்களில் திரவங்களைச் செலுத்தி ஆராய்ந்தார். மற்றவை மாறாதிருக்கும்போது, சீராக ஓடும் திரவத்தின் அளவு, குழாயின் ஆரத்தின் நான்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று கண்டார்.

ஒரு கணக்குப் போடுவோம். பெரிய நாயின் மூச்சுக்குழலின் ஆரம் 10 மில்லிமீட்டர் என்றும், சிறிய நாயினுடையது 4 மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் உட்சுவர் 1 மில்லிமீட்டர் வீங்குகிறது. பெரிய நாயின் ஆரம் 9 ஆகிறது. பத்தில் ஒன்பதின் நான்மடி 0.66. அதாவது காற்றோட்டம் மூன்றில் இரண்டு பங்காகக் குறைகிறது. சிறிய நாயின் ஆரம் 3 ஆகிறது. நான்கில் மூன்றின் நான்மடி 0.32. மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை! வேகமான மூச்சில் காற்று சுழித்து ஓடும். அப்போது இந்த விதி அப்படியே பொருந்தாது. குறுகலால் வரும் தடை இன்னும் அதிகமாகும்.

நம்பிக்கை இல்லையென்றால் சோதித்துப் பாருங்கள். இளநீர்க் கடையில் தரும் பெரிய உறிஞ்சுகுழல் ஒன்றும், பழச்சாற்று அட்டைப்பெட்டியில் ஒட்டியிருக்கும் சிறு குழல் ஒன்றும் எடுத்து, ஒரே நீளமாக வெட்டி, இரண்டின் வழியாகவும் ஊதுங்கள். வித்தியாசம் உங்கள் கன்னத்துக்கே தெரியும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. மூச்சுக்குழலைத் திறந்து வைத்திருக்கும் குருத்தெலும்பு வளையங்கள் முழு வட்டமல்ல. ஆங்கில எழுத்து 'சி'யைப் போன்றவை. பொமரேனியன், சிவாவா போன்ற சிறு இனங்களில் இவ்வளையங்கள் வலுவிழந்து, குழல் தட்டையாகிவிடுவது உண்டு. அதுவும் வாத்துச் சத்தத்தோடுதான் இருமும். வயதான சிறு நாய்களுக்கு இதய நோயாலும் இருமல் வரும். எனவே சத்தத்தை மட்டும் கேட்டு, "இது கென்னல் இருமல்தான்" என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் கழுத்துப்பட்டையைக் கழற்றுங்கள். சங்கிலியை இழுக்கும் விசை முழுவதும் கழுத்தின் குறுகிய பரப்பில், வீங்கிய குழலின் மீது விழுகிறது. விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது அழுத்தம் என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். அகலமான மார்புப்பட்டை அந்த விசையை மார்பெலும்புகளின் மேல் பரப்பிவிடும்.

ஓய்வு அவசியம். ஓட்டமும் உற்சாகக் குரைப்பும் இருமலைத் தூண்டும். வெந்நீர் நிரப்பிய வாளியால் ஆவி சூழ்ந்த குளியலறையில், நாயைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்காரலாம்; காய்ந்த சளி இளகும். வாளி எட்டாத தூரத்தில் இருக்கட்டும். நமக்குச் செய்வதுபோல் போர்வை போர்த்திப் பாத்திரத்தின்மேல் பிடிக்காதீர்கள். கற்பூரம், யூகலிப்டஸ் தைலம், வலி தைலம் ஆகியவை நாய்க்கு ஆகா. சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்திப் புகையும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் மருந்துப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்றவை நாயின் ஈரலையோ வயிற்றையோ சிறுநீரகத்தையோ கெடுக்கலாம். நம் இருமல் மருந்துகள் சிலவற்றில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால் நாய்க்கு நஞ்சு. இலேசான நோய் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரத்தில் தானே தணியும். இருமலை அடக்கும் மருந்தோ பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தோ வேண்டுமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சளி கட்டியிருக்கும்போது இருமலை அடக்கினால் அது நுரையீரலிலேயே தங்கிவிடும்.

ஜிம்மியின் பொறுப்பை அந்த மாணவனிடமே கொடுத்தேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில், தினமும் எத்தனை தடவை இருமல் வந்தது, எவ்வளவு சாப்பிட்டது, தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று குறித்துவந்தான். நன்றாகத் தூங்கும் நாய் நிமிடத்துக்கு முப்பதுக்கு மேல் மூச்சு விடுவதில்லை. எண்ணிக்கை நாற்பதைத் தாண்டினாலோ, தீனியை வெறுத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, கண்ணிலும் மூக்கிலும் சீழ் வடிந்தாலோ, சோர்ந்து படுத்துவிட்டாலோ தாமதம் கூடாது. அது நிமோனியாவாகவோ டிஸ்டெம்பராகவோ இருக்கலாம். குட்டிகளுக்கும் கிழ நாய்களுக்கும் ஆபத்து அதிகம்.

வருமுன் காப்போம்

டிஸ்டெம்பர், அடினோவைரஸ், பாராஇன்ஃபுளுயென்சா ஆகியவற்றுக்கு எதிரான கூட்டுத் தடுப்பூசி உண்டு. போர்டெடெல்லாவுக்குத் தனித் தடுப்பு மருந்து உண்டு. மூக்கில் சொட்டாக விடுவதும் அதில் ஒரு வகை. இவை இருமலே வராது என்று உறுதி தருவதில்லை. ஆனால் வந்தால் கடுமையாகாமல் காக்கும். நாயை வெளியே விடுவதற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைக் கேட்டுப் போட்டுவிடுங்கள். மற்ற நாய்களுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா, அறையில் காற்றோட்டம் உண்டா என்று விடும் இடத்திலும் விசாரியுங்கள். ஜிம்மி வீட்டார் ஊசியைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். விட்ட இடத்திலும் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

இருமல் நின்ற பிறகும் இரண்டு வாரமாவது நாயை மற்ற நாய்களோடு சேரவிடக் கூடாது. நலமடைந்த நாயும் கிருமியைப் பரப்பிக்கொண்டிருக்கலாம். கிண்ணத்தையும் விரிப்பையும் சோப்பு நீரில் கழுவி வெயிலில் காய வையுங்கள். போர்டெடெல்லா மனிதருக்குத் தொற்றுவது மிக அரிது. ஆயினும் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் விலகியிருப்பது நல்லது.

பதினாறாம் நாள் மாணவன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். முதல் நாள் முப்பத்தெட்டு இருமல். அன்று ஒன்றுகூட இல்லை. "சார், அன்னிக்கு நான் விரலை விட்டிருந்தா?" என்று கேட்டான். "நல்லவேளை, விரலுக்குப் பதில் பென்சிலை எடுத்தாய்" என்றேன். மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டு நாய் இருமினால் நீங்களும் அதையே செய்யுங்கள்.