சிறு தோட்டத்தில் மணமுள்ள கருஞ்சிவப்பு ரோஜா

கிராமங்களில் முற்றத்திலோ கிணற்றடியிலோ ஒரு ரோஜாச் செடியேனும் வைத்துப் பார்க்காத வீடுகள் குறைவு. ஆயினும், அரக்கையொத்த கருஞ்சிவப்பும் நல்ல மணமும், காம்புக்கு ஒன்றாக நிமிர்ந்து நிற்கும் பெரிய மலரும் உடைய செடியை விலை கொடுத்து வாங்கி வைத்தவர்களுள் பலர், இரண்டாம் ஆண்டிலேயே அதனை இழந்துவிடுகின்றனர். சில வீடுகளில் செடி கோடையில் பட்டுப்போகிறது. வேறு சில வீடுகளில் செடி முன்னிலும் செழித்துப் புதராகிறது. ஆனால் அதில் பூப்பவை கொத்துக் கொத்தான சிறு வெள்ளைப் பூக்கள். விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று வீட்டார் நொந்துகொள்கின்றனர். பெரும்பாலும் விற்றவர்மீது குற்றமில்லை. இவ்விரு இழப்புகளும் எதனால் நேர்கின்றன, அவற்றைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பதை இங்கே விளக்குவோம்.

நாம் குறிப்பிடும் செடி ஹைப்ரிட் டீ என்னும் இனத்தைச் சேர்ந்தது. சீனத்திலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற டீ ரோஜாக்களையும் அங்கு முன்பே இருந்த கலப்பு ரோஜாக்களையும் இணைத்துப் பெற்ற இனம் இது. பிரான்ஸ் நாட்டில் குய்யோ என்பவர் 1867-இல் வெளியிட்ட 'லா பிரான்ஸ்' என்ற வகையே இவ்வினத்தின் தொடக்கம் என்று கொள்வது வழக்கம். கருஞ்சிவப்பு நிறமும் மணமும் ஒருங்கே அமைந்தவற்றுள் பெரும்புகழ் பெற்றது, ஜெர்மனியில் கோர்டெஸ் 1935-இல் தந்த 'கிரிம்சன் குளோரி'. அதன் வழிவந்த 'கிரைஸ்லர் இம்பீரியல்' 1952-இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. இதனையும் 'சார்லஸ் மாலரின்' என்ற வகையையும் இணைத்தபோது, பிரான்சில் 1963-இல் 'பாப்பா மெய்யான்' கிடைத்தது. அமெரிக்காவில் 1964-இல் 'மிஸ்டர் லிங்கன்', 'ஓக்லஹோமா' என இரண்டு கிடைத்தன. ஒரே தாய்தந்தைக்கு இரு நாடுகளில் பிறந்த மூன்று உடன்பிறப்புகள் என்று இவற்றைச் சொல்லலாம். மூன்றும் மணம் மிக்கவை. இவற்றுள் நம் சமவெளித் தோட்டங்களுக்கு 'மிஸ்டர் லிங்கன்' ஏற்றது என்பது எமது கருத்து. அது உயரமாகவும் உறுதியாகவும் வளரும். 'பாப்பா மெய்யான்' நிறத்தில் ஈடற்றதேனும் சாம்பல் நோய்க்கு எளிதில் இடம் கொடுக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுதல் நலம். மாலைக்கும் பூச்சந்தைக்கும் உதிரிப்பூ விற்று வருவாய் காண விரும்பும் விவசாயி இச்செடியை நாட வேண்டாம். அதற்கு எட்வர்டு ரோஜாவும் ஆந்திரச் சிவப்பு ரோஜாவுமே உகந்தவை. ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் கொய்மலருக்காக வளர்க்கும் சிவப்பு ரோஜாக்களும் வேறு. நீண்ட காம்பையும் பல நாள் வாடாத தன்மையையும் நோக்கியே அவை தேர்ந்தெடுக்கப்பட்டமையால், பெரும்பாலானவற்றில் மணம் மிகக் குறைவு. கடையில் வாங்கிய அத்தகைய மலரின் காம்பை வேர்பிடிக்கச் செய்து மணமுள்ள பூவை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். நாம் கூறும் செடி, நாலைந்து வைத்துப் பேணி மகிழ்வதற்குரியது.

இனி, வெள்ளைப் பூவின் மர்மத்திற்கு வருவோம். நர்சரியில் வாங்கும் ஒட்டு ரோஜா உண்மையில் இரண்டு செடிகள். வேர் ஒரு முரட்டு ரோஜாவினுடையது. மேலுள்ள கிளை நாம் விரும்பும் வகையினுடையது. முரட்டுச் செடியின் பட்டையை 'டி' வடிவில் கீறி, நல்ல செடியின் கண்ணொன்றை அதனுள் செருகிக் கட்டி இதனை உண்டாக்குகின்றனர். கண் ஒட்டிய இடம் தண்டின் அடியில் முடிச்சுப்போல் பருத்திருக்கும். அம்முடிச்சுக்குக் கீழேயிருந்தோ வேரிலிருந்தோ கிளம்பும் போத்து யாவும் முரட்டுச் செடியுடையது. அது விரைந்து வளர்ந்து உணவை எடுத்துக்கொள்ளும்; மேலுள்ள நல்ல கிளை நாளடைவில் நலிந்து மடியும். வேர்ச்செடி மல்டிபுளோரா வகையாயின், பின்னர் நாம் காண்பது வெள்ளைப் பூங்கொத்துகளே. பூ நிறம் மாறிவிட்டது என்று நாம் எண்ணுவதெல்லாம், ஒரு செடி இறந்து மற்றொன்று அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டதே ஆகும்.

ஒரு காம்பில் ஏழு சிற்றிலை இருந்தால் முரட்டுப் போத்து, ஐந்து இருந்தால் நல்ல கிளை என்று பலர் சொல்வர். இதனை முற்றும் நம்புதல் கூடாது. நல்ல வகைகளிலும் ஏழு சிற்றிலைகள் வருவதுண்டு. எனவே மண்ணைச் சிறிது விலக்கி, போத்து முடிச்சுக்கு மேலே தோன்றுகிறதா, கீழே தோன்றுகிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை. கீழே தோன்றியதாயின் கத்தரிக்கோலால் தரைமட்டத்தில் வெட்டாமல், பிறந்த இடத்திலிருந்தே பிய்த்து எடுத்தல் வேண்டும். வெட்டினால் ஒன்றுக்கு இரண்டாய்த் துளிர்க்கும். மாதம் ஒருமுறை இவ்வாறு அடியைப் பார்த்துவந்தால் போதும். வாங்கும்பொழுதும், முடிச்சுக்கு மேல் குறைந்தது இரண்டு தடித்த கிளைகள் உள்ள செடியையே கேட்டு வாங்குக. பூத்திருக்கும் செடியைவிட நல்ல அடித்தண்டுள்ள செடியே மேலானது.

அடுத்தது வெயில். ரோஜாவுக்கு நாள்தோறும் ஐந்தாறு மணி நேர வெயில் தேவை. ஆனால் கருஞ்சிவப்பு இதழ் வெளிர்நிற இதழைவிட மிகுதியாக வெப்பத்தை ஈர்ப்பதால், உச்சிவெயிலில் அதன் ஓரம் கருகும். மலர் முதிரும்போது இதழின் செல்சாற்றில் புளிப்புத் தன்மை குறைவதால் சிவப்பு மங்கி ஊதா படரும். மணத்தைத் தரும் எண்ணெய்ப் பொருள்களும் சூட்டில் விரைவாக ஆவியாகிவிடும். ஆகையால் காலை வெயில் முழுதும் படும்படியாகவும், பிற்பகலில் சுவரின் நிழலோ முருங்கை போன்ற மரத்தின் மென்னிழலோ விழும்படியாகவும் இடம் தேர்தல் வேண்டும். வீட்டின் கீழ்ப்புறம் சிறந்தது. உதகையில் 1995-இல் அமைக்கப்பட்ட அரசு ரோஜாப் பூங்காவில் கண்ட நிறத்தைச் சித்திரை மாதத்தில் நம் ஊரில் எதிர்பார்த்தல் முறையன்று. சமவெளியில் இச்செடியின் பருவம் மார்கழியும் தையும் மாசியுமே.

நடுவதற்கு ஒன்றரை அடி நீள, அகல, ஆழமுள்ள குழி எடுத்துச் சில நாள் ஆறவிட்டு, மேல்மண்ணுடன் 10 கிலோ மக்கிய தொழு எருவைக் கலந்து நிரப்புக. ஒட்டு முடிச்சு தரைக்கு இரண்டு விரற்கடை மேலே நிற்க வேண்டும். மண்ணில் புதைந்தால் அழுகவும் கூடும்; போத்துகளைக் கண்டுகொள்வதும் அரிதாகும். நீர் தேங்கும் களிமண்ணும் உவர்நீரும் இதற்கு ஆகா. கரிசல் பகுதியில் இலை நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாவது உண்டு. அது இரும்புச்சத்துக் குறை. லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதியைக் கரைத்து இலைகளில் தெளித்தால் தேறும். துணி துவைத்த சோப்பு நீரைச் செடிக்கு விடலாகாது.

கவாத்துச் செய்வதற்கு நம் பெண்கள் பெரிதும் தயங்குவர். பூக்கும் செடியை வெட்ட மனம் வாராது. ஆயினும் வெட்டாத செடி உயர்ந்து மெலிந்து, சிறு பூவே தரும். ஐப்பசி அல்லது கார்த்திகையில், மழையில்லாத நாளொன்றில், காய்ந்ததும் நோயுற்றதும் உள்நோக்கி வளர்ந்ததுமான கிளைகளை நீக்கி, நான்கைந்து நல்ல கிளைகளை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாகக் குறைக்கவும். வெளிநோக்கிய கண்ணுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுதல் நன்று. வெட்டுவாயில் போர்டோ பசை பூச வேண்டும். இல்லையேல் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காயும் நோய் பற்றும். கோடையில் செடி பட்டுப்போனதாகச் சொல்லப்படுவனவற்றுள் சில, உண்மையில் பூசாத வெட்டுவாயிலிருந்து தொடங்கியவையே. மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம் இரண்டையும் தனித்தனியே அரை லிட்டர் நீரில் கரைத்து, மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் கலந்தால் பசை ஆயத்தமாகும். இரும்புப் பாத்திரம் கூடாது. கவாத்து முடிந்தவுடன் மீண்டும் தொழு எரு இடுக. ஏறக்குறைய 45 நாட்களில் மலர் வரும்.

பனிக்காலத்தில் இலையில் வெண்பொடி தூவியதுபோல் காணும் சாம்பல் நோய்க்கு, நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் மாலையில் தெளிக்கலாம். கரும்புள்ளி விழுந்த இலைகளைப் பொறுக்கி எரித்துவிடுக. இலைமேல் நீர் படாமல் அடியில் மட்டும் பாய்ச்சினால் அந்நோய் பெரிதும் குறையும். தண்டில் ஒட்டிய செதிள் பூச்சிகளை மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுக்கலாம்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளிக்கூடத்திலோ ஊர்ப்பூங்காவிலோ ரோஜா வைக்கத் தீர்மானிக்கும்பொழுது, ஐம்பது செடிகளுக்குச் செலவிட்டுக் கோடை விடுமுறையில் நீரின்றி அவற்றைக் கைவிடுவதைக் காட்டிலும், குழாயடிக்கு அருகே ஆறு செடிகளை வைத்து, ஆண்டு முழுதும் நீரூற்றவும் மாதம் ஒருமுறை போத்துப் பார்க்கவும் ஓர் ஆளைக் குறித்துவிடுவது சிக்கனமாகும். கவாத்து நாளன்று ஊரில் செடி வைத்திருப்போரை அங்கே அழைத்து, வெட்டும் முறையை நேரில் காட்டலாம்.

மலரைப் பறிப்பதற்கு உரிய வேளை விடியற்காலை. வெளியிதழ் ஒன்றிரண்டு விரியத் தொடங்கிய நிலையில், காம்பில் ஐந்து சிற்றிலையுள்ள இலைக்கு மேலே வெட்டி உடனே நீரில் இடுக. இறுகிய மொட்டாகக் கொய்தால், இக்கருஞ்சிவப்பு வகைகள் பல வேளை விரியாமலே தலை சாய்ந்துவிடும்.