பழைய மடற்குழுவைக் குடிபெயர்த்தல்

மாதம் பிறந்தால் முதல் தேதி காலை ஐந்து மணிக்கு ஒரு மின்னஞ்சல் வரும். இன்னின்ன மடற்குழுக்களில் நீங்கள் உறுப்பினர், இதுதான் உங்கள் கடவுச்சொல் என்று ஒளிவுமறைவு இல்லாமல் எழுதியிருக்கும். 2000களில் சென்னை லினக்ஸ் பயனர் குழுவில் இருந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். கடவுச்சொல்லை இப்படித் திறந்த கடிதத்தில் அனுப்புவது இன்று திகிலாக இருக்கும். அன்று அதற்குச் சேவை என்று பெயர். அனுப்பியது மெயில்மேன் என்ற கட்டற்ற மென்பொருள். ஐந்து மணி என்பதும் தற்செயல் இல்லை. மெயில்மேனோடு வரும் கால அட்டவணைக் கோப்பில் மாதத்தின் முதல் நாள், ஐந்து மணி, பூஜ்யம் நிமிடம் என்று ஒரு வரி இருக்கிறது.

அந்த மெயில்மேனின் இரண்டாம் பதிப்புக்கு இப்போது ஆயுள் முடிந்துவிட்டது. ஆனாலும் எத்தனையோ பல்கலைக்கழகங்களிலும் தன்னார்வக் குழுக்களிலும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. புதுச்சேரி குருசுக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு சிறிய மடற்குழு ஒன்றைப் பார்த்துக்கொள்கிறவன் நான். இந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது, அதைப் புதுப்பிப்பதில் எங்கே கல் இடறுகிறது என்பதைச் சொல்கிறேன்.

மடற்குழு செய்யும் வேலை கேட்க எளிது. ஒரே முகவரிக்கு எழுதினால் குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் போய்ச் சேரும். உள்ளே நடப்பது கொஞ்சம் கூடுதல். எழுதியவர் உறுப்பினரா என்று மெயில்மேன் பார்க்கும். இல்லையென்றால் கடிதத்தை மட்டுறுத்துநர் வந்து பார்க்கும்வரை நிறுத்திவைக்கும். தலைப்புக்கு முன்னால் சதுர அடைப்பில் குழுவின் பெயரைச் சேர்க்கும், அடியில் குழுவின் விவரத்தை இரண்டு வரியில் ஒட்டும். ஒரு படியைக் காப்பகத்தில் போட்டுவிட்டு ஆளுக்கொரு படி அனுப்பும்.

அதன் கெட்டிக்காரத்தனம் எல்லாம் திரும்பி வரும் கடிதங்களில்தான் தெரியும். ஓர் உறுப்பினரின் முகவரி செத்துப்போனால் அவருக்கு அனுப்பியது திரும்பி வரும். மெயில்மேன் அவர் பெயரில் ஒரு மதிப்பெண் போடும். ஒரு நாளில் எத்தனை திரும்பினாலும் ஒரே மதிப்பெண்தான். ஏழு நாள் எதுவும் திரும்பாவிட்டால் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும். ஐந்தைத் தொட்டால் அவருக்குக் கடிதம் அனுப்புவதை நிறுத்தும்; வாரம் ஒன்றாக மூன்று எச்சரிக்கை விட்டு, பதில் இல்லாவிட்டால் பெயரை நீக்கும். பல நூறு பேர் கொண்ட குழுவை ஒரே ஒருவர், அதுவும் ஓய்வு நேரத்தில், நடத்த முடிந்தது இந்தக் கணக்கால்தான். இதே கணக்கு பின்னால் ஒரு வம்பும் செய்தது, அதற்கு வருகிறேன்.

இந்த வகை மென்பொருளுக்குப் புதுச்சேரிக்காரர்கள் கொஞ்சம் உரிமை கொண்டாடலாம். மடற்குழுவைத் தானியங்கியாக்கிய லிஸ்ட்சர்வை 1986இல் எழுதிய எரிக் தாமா அப்போது பாரிஸ் எக்கோல் சாந்த்ராலில் மாணவர். பிரெஞ்சுப் பல்கலைக்கழகங்களுக்காக 1997இல் பிறந்த சிம்பா என்ற மடற்குழு மென்பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. இன்னொரு கண்ணியும் உண்டு. குருசுக்குப்பத்திலிருந்து தெற்கே சிறிது நடந்தால் செயின்ட் லூயி தெருவில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். அங்கும் தூமா தெருவில் உள்ள தூரகிழக்கு ஆய்வுப் பள்ளியிலும் இருக்கும் அறிஞர்கள் எழுதுகிற ‘இந்தாலஜி’ மடற்குழு 1990 நவம்பரில் டொமினிக் உயாஸ்டிக் தொடங்கியது. லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் லிஸ்ட்சர்வில் நடந்த குழு, பின்னால் மெயில்மேனுக்கு மாறியது. வடமொழிச் சுவடியிலிருந்து சங்க இலக்கியத்தின் காலம்வரை அங்கே நடந்த சண்டைகள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்திருக்கின்றன.

மெயில்மேன் பிறந்த கதை இவ்வளவு கௌரவமானது இல்லை. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் மாணவராக இருந்த ஜான் வியேகா, டேவ் மாத்யூஸ் என்பவரின் இசைக்குழு ரசிகர்களுக்காக 90களில் அதைப் பைத்தான் மொழியில் எழுதினார். பிறகு வட்டு கெட்டு, அவரிடமிருந்த நிரல் போயிற்று. வேறோர் இடத்தில் இருந்த படியை எடுத்து வளர்த்தவர் கென் மான்ஹைமர். அவருக்குப் பின் பாரி வார்சா. 1999 ஜூலையில் முதல் பதிப்பு, 2002 டிசம்பர் கடைசியில் 2.1. வார்சா பேஸ் கிதார் வாசிப்பவர், மூன்றாம் பதிப்பின் வெளியீடுகளுக்கு ரஷ் என்ற ராக் குழுவின் பாட்டுகளைப் பெயராக வைத்தார்.

தமிழுக்கு இது வெறும் தொழில்நுட்பக் கதை இல்லை. 1995இல் பாலா பிள்ளை ஆஸ்திரேலியாவிலிருந்து தொடங்கிய தமிழ்.நெட் ஒரு மடற்குழு. டிஸ்கி என்ற எழுத்துக் குறியாக்கம் மடற்குழு விவாதங்களில்தான் உருவானது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரத்தின் ஒருங்கிணைப்பில், மின்னஞ்சல் வழியாகவே ஆள் சேர்த்து நூல்களைத் தட்டச்சு செய்தது. ராயர் காபி கிளப், மரத்தடி, அகத்தியர் என்று அடுத்து வந்த கூடங்கள் யாஹூ குழுமங்களில் குடியிருந்தன. இன்று அச்சில் பெயர் பெற்ற பல எழுத்தாளர்கள் அங்கே வாதாடிப் பழகியவர்கள். 2019 அக்டோபரில் யாஹூ ஓர் அறிவிப்பு விட்டது. அதே ஆண்டு டிசம்பரில் பழைய கடிதங்களைத் தளத்திலிருந்து அகற்றத் தொடங்கியது, 2020 டிசம்பர் 15இல் குழுமங்களையே மூடியது. யாரோ ஓர் உறுப்பினர் முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் உண்டு, இல்லையென்றால் போனது போனதுதான்.

சென்னை லினக்ஸ் குழுவுக்கு அந்தக் கதி நேரவில்லை. 1998 ஜனவரி முதல் இயங்கும் அந்தக் குழுவின் மடல்கள் பல ஆண்டுகள் சென்னை ஐஐடி விண்வெளிப் பொறியியல் துறையின் சர்வரில், மெயில்மேனில் இருந்தன. பின்னர் ஃப்ரீலிஸ்ட்ஸ் என்ற இலவச மடற்குழுத் தளத்துக்குக் குடிபெயர்ந்தன. சொந்த சர்வரில் கட்டற்ற மென்பொருள் ஓடினால், கடிதங்கள் இருக்கும் கோப்பு உங்கள் கையில் இருக்கும். மென்பொருள் செத்தாலும் கோப்பை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். என்னைக் கேட்டால் மெயில்மேனின் பெரிய குணம் இது ஒன்றுதான். தோற்றத்துக்காக யாரும் அதை விரும்பியிருக்க முடியாது.

மென்பொருளை எது சாகடிக்கிறது? நிரலில் ஓர் எழுத்துகூட மாறாமல் அது கிடக்கும், சுற்றியுள்ளவை மாறும். மெயில்மேன் 2 பைத்தான் 2இல் எழுதப்பட்டது. 2020 ஜனவரி 1 முதல் பைத்தான் 2க்கு ஆதரவு இல்லை. மெயில்மேன் 2 பைத்தான் 3இல் ஓடாது. 2021இல் வந்த டெபியன் 11 என்ற லினக்ஸ் வெளியீட்டிலிருந்து அந்தப் பொதியே எடுக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த 2.1.39தான் கடைசி வெளியீடு. இவ்வளவு காலம் அதற்கு ஓட்டை அடைத்து, கேள்வி கேட்டவர்களுக்கெல்லாம் சலிக்காமல் பதில் எழுதியவர் பெரும்பாலும் ஒருவர், மார்க் சபிரோ. மூன்றாம் பதிப்பின் முக்கியப் பராமரிப்பாளர்களில் அபிலாஷ் ராஜ் என்ற இந்தியரும் உண்டு. உலகம் முழுக்க ஓடும் ஒரு பொருளைத் தாங்கியவர்கள் ஒரு காரில் அடங்கிவிடுவார்கள்.

பராமரிப்பு ஏன் இப்படி ஒரு சிலர் தலையில் விழுகிறது என்பது எங்கள் கடற்கரையைப் பார்த்தால் புரியும். குருசுக்குப்பத்தில் மணல் இருந்த இடத்தில் இன்று கருங்கல் குவித்திருக்கிறார்கள். 1980களின் கடைசியில் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகச் சுவர்களை நீட்டியபோது, வடக்கு நோக்கி நகரும் மணல் அங்கேயே தங்கிற்று. அதை அள்ளி வடக்கே இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் திட்டத்தில் இருந்தது. துறைமுகம் கட்டி முடிந்தது, இறைக்கிற வேலை ஒழுங்காக நடக்கவில்லை. திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு வைப்பார்கள், தூர்வாருவதற்கு யார் வைப்பார்கள்? மென்பொருளிலும் இதேதான்.

இப்போது அந்த வம்பு. 2014 ஏப்ரலில் யாஹூ போலிக் கடிதங்களைத் தடுக்க டிமார்க் என்ற விதியைக் கடுமையாக்கியது. யாஹூ முகவரியில் வரும் கடிதம் எங்கள் சர்வரிலிருந்து வரவேண்டும், அல்லது அதில் எங்கள் மின்கையொப்பம் கலையாமல் இருக்கவேண்டும், இல்லையென்றால் திருப்பிவிடுங்கள் என்று உலகத்துக்குச் சொல்லிவிட்டது. மடற்குழு வழியாக வரும் கடிதம் மடற்குழுவின் சர்வரிலிருந்து வருகிறது. தலைப்பிலும் அடியிலும் மெயில்மேன் கை வைத்திருப்பதால் கையொப்பமும் கலைந்துவிடுகிறது. ஜிமெயில் சொன்னபடி திருப்பி அனுப்பியது. மெயில்மேன் அதைப் பார்த்து, பெறவேண்டிய ஜிமெயில்காரரின் முகவரிதான் செத்துவிட்டது என்று முடிவு கட்டி மதிப்பெண் போட்டது. யாஹூக்காரர் ஒருவர் வரிசையாக ஐந்து நாள் எழுதினால், ஒரு பாவமும் அறியாத ஜிமெயில்காரர்கள் கூண்டோடு நிறுத்தப்பட்டார்கள். சில வாரங்களில் மெயில்மேன் ஒரு தீர்வு தந்தது: அனுப்புநர் இடத்தில் குழுவின் முகவரியைப் போட்டு, ‘இன்னார், இந்தக் குழு வழியாக’ என்று காட்டுவது. அழகில்லை, ஆனால் வேலை செய்கிறது. அப்போது புதுப்பிக்காமல் விட்ட சர்வர்களில் உறுப்பினர்கள் காரணம் தெரியாமல் உதிர்ந்துகொண்டே இருந்தார்கள்.

2015 ஏப்ரலில் மெயில்மேன் 3 வந்தது. பழையது ஒரே மூட்டை, புதியது மூன்று துண்டு: கடிதத்தைக் கையாளும் மையம், நிர்வாகத்துக்குப் போஸ்டோரியஸ், காப்பகத்துக்கு ஹைப்பர்கிட்டி. தரவுத்தளம் வேண்டும், ஜாங்கோ என்ற வலைச்சட்டகம் வேண்டும், தேடல் சுட்டி வேண்டும். பழையதை ஒரு மதியத்தில் நிறுவிவிடுவோம். இதை நிறுவ ஜாங்கோ தெரிந்த ஒரு நண்பர் வேண்டும். தள்ளிப்போடுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லினக்ஸ் கருவகத்தை எழுதுகிறவர்களே, 2000க்குப் பிறகு புது வெளியீடு காணாத மேஜர்டோமோ என்ற மடற்குழு மென்பொருளை 2023 வாக்கில்தான் விட்டார்கள்.

மாற்றும் வேலையைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒவ்வொரு குழுவின் அமைப்புகளும் உறுப்பினர் பட்டியலும் கான்ஃபிக்.பிசிகே என்ற ஒரே கோப்பில் இருக்கும். இம்போர்ட்21 என்ற கட்டளை அதைப் படித்துப் புதியதில் ஏற்றிவிடும். பழைய கடவுச்சொல்லை வைத்துப் புதிய வலைப்பக்கத்தில் நுழைய முடியாது, நல்லதுதான். பழையதின் இயல்பான அமைப்பில் குழு ஒன்றுக்குப் பத்து முகவரிகளைச் சர்வரின் பட்டியலில் எழுதவேண்டும்: சேர ஒன்று, விலக ஒன்று, உரிமையாளருக்கு ஒன்று என்று. புதியதில் மெயில்மேனே போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மின்னஞ்சல் சர்வருக்கு அந்தப் பட்டியலைத் தயாரித்துக் கொடுத்துவிடும்.

கடிதங்கள் எம்பாக்ஸ் என்ற நெடுங்கோப்பில் ஒன்றன் கீழ் ஒன்றாகக் கிடக்கும். ஒரு கடிதம் முடிந்து அடுத்தது தொடங்குவதை ‘ஃப்ரம்’ என்ற சொல்லும் ஓர் இடைவெளியும் வரியின் தொடக்கத்தில் வருவதை வைத்துத்தான் கணினி அறிகிறது. கடிதம் எழுதியவரே ஒரு வரியை அந்தச் சொல்லில் தொடங்கியிருந்தால், அங்கே ஒரு கடிதம் இரண்டாகப் பிளந்துபோகும். அனுப்புநர் இல்லை, தேதி இல்லை, அரைக் கடிதம் அநாதையாக நிற்கும். அதற்காகவே மெயில்மேனுடன் கிளீன்ஆர்ச் என்ற சிறு நிரல் வருகிறது. அப்படிப்பட்ட வரிகளின் முன்னால் ஓர் அம்புக்குறி போட்டுவிடும். ஏற்றுவதற்கு முன் இதை ஓட்டாமல் விடாதீர்கள்.

தமிழ்க் குழுவென்றால் இன்னொரு படி உண்டு, எந்தக் கையேட்டிலும் இருக்காது. யூனிகோடுக்கு முந்தைய கடிதங்கள் பல டிஸ்கியில் இருக்கும், ஆனால் தலைப்பகுதி தன்னை மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று சொல்லிக்கொள்ளும். அந்தச் சொல்லை நம்பிப் புதிய காப்பகம் காட்டும்போது ‘ட’ கால் என்ற பின்னக்குறியாகிறது, ‘ண’ அரை, ‘த’ முக்கால். ‘ள’ வாலுள்ள பிரெஞ்சு ‘சே’, ‘ன’வும் ‘ற’வும் தலையில் கோடு போட்ட பிரெஞ்சு எழுத்துகள். பழைய புதுவைத் தாத்தாக்கள் சரளமாக உச்சரித்துவிடுவார்கள், பொருள்தான் வராது. கண்ணுக்கு உறுத்துவதோடு போகாது. தேடலில் ‘பாரதி’ என்று அடித்தால் அந்தக் கடிதங்கள் ஒன்றும் அகப்படாது. ஆகவே எம்பாக்ஸின் ஒரு படியில் டிஸ்கிக் கடிதங்களை யூனிகோடுக்கு மாற்றிவிட்டே ஏற்றவேண்டும். மூலக்கோப்பைத் தொடக்கூடாது. ஒரே கடிதத்தில் டிஸ்கியும் ஆங்கிலமும் மேற்கோளில் வேறொரு குறியாக்கமும் கலந்திருந்தால் கண்ணால் பார்த்துத்தான் பிரிக்கவேண்டும், சுருக்குவழி இல்லை.

கடைசியாக இணைப்புகள். பழைய காப்பகமான பைப்பர்மெயில் கடிதங்களுக்கு வரிசை எண் போடும். காப்பகத்தை மறுபடி கட்டினால் எண்கள் நகர்ந்துவிடும். ஹைப்பர்கிட்டி ஒவ்வொரு கடிதத்தின் அடையாளத்திலிருந்து முகவரியை உண்டாக்குவதால் அது நகராது. ஆனால் இந்தாலஜி போன்ற குழுவின் கடிதங்களை ஆய்வாளர்கள் கட்டுரைகளின் அடிக்குறிப்பில் காட்டியிருக்கிறார்கள், அச்சாகிவிட்ட அடிக்குறிப்பை யாரும் திருத்தப் போவதில்லை. பைப்பர்மெயில் பக்கங்கள் வெறும் எச்டிஎம்எல் கோப்புகள். புதிய காப்பகம் ஓடத் தொடங்கிய பிறகும் அவற்றை அதே முகவரியில் அப்படியே விட்டுவிடலாம். அவற்றைக் காட்ட மெயில்மேனும் வேண்டாம், பைத்தானும் வேண்டாம், சாதாரண வெப் சர்வர் ஒன்று போதும்.