பழைய பெட்ரோல் ஜீப் கிளம்பாவிடில்

பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி கொண்டு செல்லும் குடியானவர் ஒருவருக்குச் சென்ற ஐப்பசி மழையில் நேர்ந்ததை முதலில் சொல்லுகிறேன். விடியுமுன் கூடைகளை ஏற்றியாயிற்று, ஜீப் கிளம்பவில்லை. எஞ்சின் நன்றாகச் சுழன்றது, ஆனால் பிடிக்கவில்லை. மெக்கானிக் ஒருவர் வந்து, காயில் கெட்டுவிட்டதென்று புதிது மாட்டினார். அப்போதும் பயனில்லை. மண்டியில் வியாபாரம் முடிந்த பின்னரே நான் அவ்வழி செல்ல நேர்ந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் உள்ளே வியர்த்தாற்போல் ஈரம்! உலர்ந்த துணியால் துடைத்தவுடன் எஞ்சின் ஓடிற்று. தக்காளியோ மறுநாள் பாதி விலைக்குப் போயிற்று.

1947-ம் வருஷத்தில் மஹிந்திரா கம்பெனியார் வில்லிஸ் ஜீப்புகளை நம் தேசத்தில் பூட்டி விற்கத் தொடங்கினர். இப்போது டீசல் வண்டிகளே மிகுதி. அவற்றில் காயிலும் ஸ்பார்க் பிளக்கும் கிடையா. பழைய பெட்ரோல் ஜீப்பை வைத்திருப்போர் மட்டும் பின்வருவதைக் கவனிப்பாராக.

சாமானை மாற்றுமுன் தீப்பொறியைச் சோதிக்க வேண்டும். பெட்ரோல் ஒழுக்கு இல்லையென்று பார்த்துக்கொண்டு, பிளக் வயர் ஒன்றைக் கழற்றி, ரப்பர் பிடியுள்ள குறட்டால் அதன் முனையை எஞ்சின் இரும்புக்குக் கால் அங்குலம் எட்டப் பிடித்து, எஞ்சினைச் சுழற்றச் செய்க. பொறி நீலமாகச் சடசடவென்று பாய்ந்தால் காயிலைக் குறை சொல்ல வேண்டாம். பிளக்கையும் பெட்ரோலையும் பார்க்கலாம். மஞ்சளாய் மெலிந்திருந்தாலும், பொறியே இல்லாவிட்டாலும், பாட்டரி இணைப்புகளைப் பார்த்தபின் பாயிண்டுகளைத் திறந்து பார்க்கவும்.

பெரும்பாலான கோளாறு இங்கேதான் இருக்கிறது. பாயிண்டுகள் கறுத்திருந்தால் மெல்லிய அரத்தால் இலேசாகத் தேய்த்துத் துடைக்க வேண்டும். உப்புத்தாள் கூடாது, அதன் மணல் பாயிண்டில் பதிந்து கரண்டைத் தடுக்கும். வில்லிஸ் நாலு சிலிண்டர் எஞ்சினுக்குப் பாயிண்டு முழுதும் திறந்த நிலையில் இடைவெளி 0.020 அங்குலம், பிளக்குக்கு 0.030 அங்குலம். சுத்தம் செய்த சில நாளிலேயே பாயிண்டு மறுபடி தீய்ந்தால் கண்டென்ஸரைச் சந்தேகிக்கலாம். அது காயிலைவிட மலிவு.

மூடியில் மயிரிழைபோல் கருங்கோடு தெரிந்தால் அது விரிசல். துடைத்துப் பயனில்லை, மாற்றியே ஆகவேண்டும். வயர்களைக் கழற்றுவோர் 1-3-4-2 என்ற வரிசை மாறாமல் பூட்டுக; மாறினால் எஞ்சின் வெடிச்சத்தத்துடன் உதறும். புதுக் காயில் உண்மையாகவே வேண்டுமானால் வோல்ட்டைக் கேட்டு வாங்குக. முற்காலத்து ஜீப்புகள் 6 வோல்ட். எஞ்சின் நின்றபின் சாவியைத் திறந்தபடி விட்டால், பாயிண்டு மூடியிருக்கும் நிலையில், காயிலும் சூடேறும், பாட்டரியும் இறங்கும். மேற்சொன்ன குடியானவர் இப்போது ஆசனத்தடியில் உலர்ந்த துணி ஒன்றும் அரம் ஒன்றும் வைத்திருக்கிறார்.