‘கடந்தது’ என்னும் சொல்



செய்தி எழுதுவோர் அடிக்கடி கையாளும் ஆங்கில வினைகளுள் ‘குறோஸ்’ என்பது ஒன்று. ‘கட’ என்று நாம் அதனைத் தமிழாக்குகிறோம். இந்த ஈரெழுத்துச் சொல்லைப் பற்றி வானொலியிற் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணக்கூடும். மன்னார்த் தீவில் வாழும் எங்களுக்கோ அஃது உயிரோடு தொடர்புடைய சொல்லாகும்.

2020ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆந் திகதி இரவு, ‘புரெவி’ என்னும் சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. மறுநாள் விடியற்காலை, என் அயலவரான முதிய மீனவர் ஒருவர் வேலியோரம் வந்து, “கரையைக் கடந்துவிட்டதாம் சேர், இனிப் பயமில்லை, வள்ளத்தைப் பார்க்கப் போகிறேன்” என்றார். செய்தி பொய்யன்று, அவர் கேட்டதும் பிழையன்று. ஆயினும், கிழக்குக் கரையைக் கடந்த அச்சூறாவளி, வடமாகாணத்தின் ஊடாக மேற்கு நோக்கி எங்களிடமே வந்துகொண்டிருந்தது. அன்று காலையே அது மன்னார் வளைகுடாவில் இறங்கியது. பின்னர் வலுக்குறைந்து, மறுநாளும் இராமநாதபுரக் கரையோரத்திலேயே தங்கி நின்றது.

அப்படியாயின் தவறு எங்கே நேர்ந்தது? தமிழிலே ஆற்றைக் கடந்தான் என்றால், அக்கரை சேர்ந்துவிட்டான் என்று கொள்கிறோம். துன்பத்தைக் கடந்தோம் என்றால், துன்பம் நமக்குப் பின்னே போய்விட்டது. கடந்த ஆண்டு என்பது இனித் திரும்பி வாராத ஆண்டு. 1966ஆம் ஆண்டில் நீச்சல் வீரர் மிஹிர் சென் தலைமன்னாரிலிருந்து நீந்திப் பாக்கு நீரிணையைக் கடந்தார் என்னுமிடத்தும், முயற்சி முடிந்தது என்பதே பொருள்.

வானிலை அறிக்கையிலோ பொருள் வேறு. சூறாவளியின் மையம் கரைக்கோட்டைத் தாண்டி நிலத்துட் புகுகிறது என்பது மாத்திரமே அங்கு சொல்லப்படுகிறது. மையம் ஒரு சிறு பகுதி. அதனைச் சுற்றிய காற்றும் மழையும் பல நூறு கிலோமீற்றர் பரந்திருக்கும். வலிய சூறாவளியின் கண் ஓரூரின் மேலாகச் செல்லும்போது காற்று ஓய்ந்தது போலத் தோன்றும். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் வீசும். ஆகவே, கடந்தது என்பது சென்ற வழியைக் குறிக்குமேயன்றி, முடிவைக் குறிக்காது.

இவ்வேறுபாட்டின் விலையை 1964ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு டிசம்பர் 22ஆந் திகதி வவுனியாப் பகுதியூடாக இலங்கையைக் கடந்த சூறாவளி, அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற புகையிரதம் நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளுடன் அலைவாய்ப்பட்டது. 1914 முதல் தலைமன்னாரையும் தனுஷ்கோடியையும் இணைத்த கப்பற் பாதையும் அத்தோடு முடிந்தது. வவுனியாவுக்குக் கடந்துபோன சூறாவளி, தனுஷ்கோடிக்கு வந்துசேர்ந்த சூறாவளி.

‘கரையேறியது’ என்று எழுதலாமே என்பர் சிலர். கரையேறுதல் எங்களுக்கு நற்சொல். கடலுக்குப் போனவர் உயிரோடு மீள்வதை அது குறிக்கும். அதனைச் சூறாவளிக்குக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. ‘நிலத்துட் புகுந்தது’ என்பதே தெளிவு. ‘கடந்தது’ என்றே எழுதினாலும், எந்தக் கரையைக் கடந்தது, எத்திசை நோக்கிச் செல்கிறது, அடுத்து எவ்வூர் விழிப்பாயிருக்க வேண்டும் என்னும் மூன்றையும் உடன் சொல்லுதல் செய்தியாளர் கடன். சொல்லாவிடின், கேட்டறிதல் நம் கடன்.

அன்று காலை நான் பாடசாலைத் தேசப்படத்தை விரித்து, திருகோணமலையிலிருந்து மன்னார் வரை விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினேன். முதியவர் அதனைச் சற்று நேரம் பார்த்தார். “அப்படியென்றால் அது இன்னும் எங்களைக் கடக்கவில்லை” என்றார். பின்பு தம் மகனையும் அழைத்துக்கொண்டு, வள்ளத்தை மேட்டுக்கு ஏற்றப் போனார்.